மாப்பிள்ளை பந்தியை விட்டு எழுந்தது ஏன்?

தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். ராஜபாளையத்துல பஸ் எடுத்ததுல இருந்து நீங்க போன்ல பேசிக்கிட்டு வந்தது காதுல விழுந்துட்டுது. டிராபிக் ஏறலை, டிராபிக் ஏறலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. முன் சீட்டு அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க, ரோடு காலியாத்தானே கெடக்குன்னு. எனக்குப் புரிஞ்சிட்டுது. வெப்சைட்டுக்கு ஆள் வாறதைத்தானே சொன்னீங்க? அதானே. அந்தத் தொழிலா? நல்லதாப் போச்சு. உங்களுக்குச் சொன்னா வெளங்கும். வேற யாருகிட்டயும் சொன்னா பாதியில செல்லை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிருதாங்க.

எனக்கும் ஒரு பிளாக் இருக்கு. 'நுனி இலை'ன்னு பேரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டிருந்தா வேற மாதிரி பாத்திருப்பீங்க.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பத்தி எழுதுதேன். ஆமா சார், சாப்பாடு மட்டும்தான். எந்த ஊர்ல என்ன போட்டாங்க, அவியல்ல தயிரா மாங்காயா, பாயசம் கடைசிப் பந்தி வரைக்கும் ஒரே பதத்துல இருந்துச்சா, இதெல்லாம். சிரிக்காதீங்க, இது ஒரு பெரிய விஷயம்.

நான் மில்லுல டைம் ஆபீஸ்ல வருகைப் பதிவு எழுதிக்கிட்டு இருந்தவன். பேரு கோமதிநாயகம். கல்யாணம் அமையலை. அமையலைன்னா அமையலை, அதுல சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்ல. மாடியில ஒரு ரூம். காலையில சோறு வடிச்சா ராத்திரிக்கும் அதுதான், மோர் ஊத்தி. ஒரு ஆளுக்குச் சமைக்கிறது இருக்கே சார், உப்பு போடவே கை வராது. கல்யாண வீட்டுல அப்படி இல்ல. பந்தியில உக்காந்தா இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு. யாருன்னே தெரியாது. 'ரசம் அங்கேயே நின்னுட்டுது, கூப்பிடுங்க'ம்பாரு. நாம கூப்பிடுவோம். 'எந்த ஊரு'ம்பாரு. சொல்லுவோம். கை கழுவுற இடத்துல தண்ணி ஊத்திட்டுப் போயிருவாரு, அப்புறம் ஆயுசுக்கும் பாக்க மாட்டோம். அதுல என்னமோ ஒண்ணு இருக்கு. சரி, அது கெடக்கட்டும். நான் போனது எழுதுறதுக்குத்தான்.

பிளாக்கை ஆரம்பிச்சுக் கொடுத்தது எங்க அண்ணன் மக தாரணி. காலேஜ் லீவுல வந்திருந்தப்ப, 'சித்தப்பா, நீங்க சாப்பாட்டைப் பத்திப் பேசுறதைக் கேக்க எங்களால முடியலை, எழுதுங்க'ன்னு சொல்லி, பேரு வச்சு, எங்க அமுக்கணும், எங்க எழுதணும் எல்லாம் சொல்லிக் கொடுத்தா. போட்டதும் அவதான் முதல்ல படிப்பா. படிச்சுட்டுப் போன் பண்ணுவா. 'சித்தப்பா, மூணாவது பத்தியில ஒற்று விட்டுப் போச்சு'ம்பா. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பிழை கண்டுபிடிச்சுருவா. எனக்குச் சில நேரம் எரிச்சலா வரும். இவ ஒருத்தி படிக்கதுக்கா நான் எழுதுதேன்னு தோணும்.

ஏன்னா வேற யாரும் வரலை சார். எத்தனை பேரு வந்தாங்கன்னு காட்டுற பக்கம் ஒண்ணு இருக்கும்லா, அதுல ஒரு கோடு ஓடும். என் கோடு தரையோட தரையாக் கெடக்கும். நானே என் போன்ல ஒரு தடவை, பக்கத்துல பிரவுசிங் சென்டர்ல போய் ஒரு தடவை திறந்து பாப்பேன். அப்பம் லேசாத் தலையைத் தூக்கும். மறுபடி படுத்துரும்.

அப்பத்தான் மதுரையில ஒரு வகுப்பு நடக்குன்னு விளம்பரம் பாத்தேன். பிளாக்குக்கு ஆள் வரவைக்கிறது எப்படின்னு. போனேன். எல்லாம் சின்ன வயசுக்காரங்க. நான் போய் உக்காந்ததும் ஒரு பையன் எந்திரிச்சு, 'சார் நீங்கதான் கிளாஸ் எடுக்கிறதா'ன்னான். எடுத்தது மிருதுளா மேடம்னு ஒருத்தங்க. நல்லாச் சொன்னாங்க சார். ஒண்ணொண்ணாச் சொன்னாங்க.

நீ மத்தவங்க பிளாக்குக்குப் போய் ரெண்டு வரி எழுதிட்டு வா, அவங்க உன்னுதுக்கு வருவாங்கன்னாங்க. எனக்கு அது சட்டுன்னு பிடிபட்டுது. மொய்தானே சார். நாம வச்சா அவங்க வைக்கப் போறாங்க. அன்னைக்கே ரூமுக்கு வந்து ஆரம்பிச்சேன். தஞ்சாவூர்ல ஒரு அம்மா கோலம் போடுறதைப் பத்தி எழுதுதாங்க, அங்க போய் 'அருமை'ன்னு போட்டேன். குவைத்துல ஒருத்தர் ஒட்டகத்தைப் பத்தி எழுதுதாரு, அங்கயும் 'அருமை'. ஒட்டகத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும், ஆனா அவரு மறுநாளே வந்து என் பொரிச்ச குழம்புக்கு 'அருமை'ன்னு போட்டுட்டுப் போனாரு.

வாரத்துல ஒரு நாள் வச்சுக்கோ, அந்த நாள் தப்பாமப் போடுன்னாங்க. வெள்ளிக்கிழமை காலையிலன்னு வச்சேன். படத்தைச் சின்னதாக்கிப் போடு, இல்லேன்னா திறக்கிறதுக்குள்ள ஆள் போயிரும்னாங்க. கருத்து போட்டவங்க எல்லாருக்கும் பதில் சொல்லுன்னாங்க. இருக்கிற குரூப்ல எல்லாம் லிங்க்கைப் போடுன்னாங்க. எனக்கு மில்லு ரிட்டயர்ட் ஆளுங்க குரூப் ஒண்ணு, தெருக்காரங்க குரூப் ஒண்ணு, அப்புறம் எங்க குடும்ப குரூப். அதுல சித்தி மக்க, பெரியம்மா மக்கன்னு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற அத்தனை பேரும் இருக்காங்க.

எல்லாத்துக்கும் மேல, தலைப்புன்னாங்க. தலைப்புல எல்லாத்தையும் சொல்லிட்டா எவன் உள்ள வருவான்? பாதி சொல்லணும். கதவை ஒருக்களிச்சு வைக்கணும். உள்ள என்னவோ நடக்குன்னு தெரியணும், என்னன்னு தெரியக்கூடாது. இதைச் சொல்லிட்டு, 'ஆனா இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு'ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டுது, எந்திரிச்சு வந்துட்டேன். முக்கால்வாசி வகுப்பு கேட்டாச்சுல்லா.

வந்து பழைய தலைப்பை எல்லாம் மாத்தினேன். 'கூட்டாஞ்சோறு: செய்முறையும் சில குறிப்புகளும்'னு இருந்ததை, 'தாளிக்கும்போது எல்லாரும் செய்யும் அந்த ஒரு தவறு'ன்னு வச்சேன். சார், நம்ப மாட்டீங்க. ஆள் வந்துச்சு. எங்க எங்கேயோ இருந்து. கோடு எந்திரிச்சு உக்காந்துச்சு. என்னைத் தேடி யாரோ வாறாங்கங்கது இருக்கே. வாழ்க்கையில என் ரூம் கதவை வாடகை கேட்டு வாற வீட்டுக்காரரு தவிர யாரும் தட்டினது கிடையாது.

அந்தச் சமயத்துலதான் தாரணிக்குக் கல்யாணம். போன வைகாசியில.

அண்ணன் பேரு சங்கரலிங்கம். சங்கரன்கோவில்ல உரக்கடை. அவருக்கு ஒரே மக. மாப்பிள்ளை தூத்துக்குடி, பேரு சிதம்பரநாதன், கப்பல் கம்பெனியில வேலை. நல்ல பையன். அவங்க அம்மா ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ். அந்த அம்மா பேசினா வாக்கியம் முடிஞ்சப்புறம் புள்ளி வச்ச மாதிரி ஒரு சத்தம் கேக்கும். அப்படி.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. மறுநாள் அண்ணன் வீட்டுல மறுவீட்டுச் சாப்பாடு. எங்க பக்கத்துல மறுவீடுன்னா சொதிதான் சார். தேங்காய்ப்பால் குழம்பு, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட்டு எந்திரிக்க வரைக்கும் பொண்ணைப் பெத்தவங்களுக்கு மூச்சு சரியா விட வராது. தவசுப்பிள்ளை நல்லபெருமாள்தான் சமையல். அந்த ஆளு சொதி வச்சா ஒரு நாளும் பால் திரிஞ்சது இல்ல. மதினி விடியக்காலையில இருந்து அடுப்பு பக்கத்துலயே நிக்கா.

மாப்பிள்ளைக்கு நாலு இலை தள்ளி நான் உக்காந்திருந்தேன். சொதியை விட்டாங்க. பையன் பீன்ஸுன்னு நெனைச்சு பச்சை மிளகாயைக் கடிச்சுட்டான். மூஞ்சி செவந்து, விக்கல் எடுத்து, எந்திரிச்சுப் பின்கட்டுக்கு ஓடினான். தண்ணியைக் குடிச்சு, மதினி கொடுத்த வெல்லத்தைக் கடிச்சு, திரும்பி வந்து உக்காந்து, இன்னும் ரெண்டு தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டான் சார். எல்லாரும் சிரிச்சோம். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே சிரிச்சாங்க. அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை வருது. எழுதுதேன். நல்லா எழுதியிருந்தேன், சும்மா சொல்லலை. முதல் பால், ரெண்டாம் பால், நல்லபெருமாள் கரண்டி பிடிக்கிற விதம், மதினி நின்ன நிலை, பையன் விக்கினது, திரும்பி வந்து சாப்பிட்டது, எல்லாம் வரும் அதுல. முதல்ல 'தாரணி மறுவீட்டுச் சொதி'ன்னு தலைப்பு வச்சேன். பாத்தேன். இதுக்கு யாரு வருவா? தாரணி வருவா. ஒற்று விட்டுப் போச்சும்பா.

அப்பம் மாத்தினேன். 'மறுவீட்டில் மாப்பிள்ளை பந்தியை விட்டு எழுந்தது ஏன்?'

நீங்க தொழில் தெரிஞ்சவரு. சொல்லுங்க. நல்ல தலைப்புதானே? பொய் ஒரு எழுத்து கிடையாது. எழுந்தான். ஏன் எழுந்தான்னு உள்ள சொல்லியிருக்கேன். படம் ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன், பையன் ஓடினப்ப. பாதி சாப்பிட்ட இலை, பக்கத்துல காலி இடம். அதை மேல வச்சேன். குரூப்ல எல்லாம் போட்டேன். குடும்ப குரூப்லயும்தான்.

மத்தியானத்துக்குள்ள கோடு எங்கயோ போயிட்டுது. நான் சோறு வடிக்க மறந்துட்டேன். நிமிஷத்துக்கு நிமிஷம் திறந்து பாக்கேன், ஏறிக்கிட்டே இருக்கு. இந்த ஊரு, அந்த ஊருன்னு இல்ல, சிங்கப்பூர், கனடா. கருத்து வருது. 'என்ன ஆச்சு சார்?' 'பொண்ணு வீட்டுல சரியாக் கவனிக்கலையோ?' 'எங்க சொந்தத்துலயும் இப்படித்தான் ஒருத்தன் எழுந்து போனான், ரெண்டு பவுன் குறைஞ்சதுக்கு.' படிக்காமயே போட்டிருக்காங்கன்னு தெரியுது. ஆனா மேடம் சொல்லியிருக்காங்கல்லா, எல்லாருக்கும் பதில் போடணும்னு. 'தங்கள் வருகைக்கு நன்றி, தொடர்ந்து வாசியுங்கள்'னு ஒவ்வொருத்தருக்கும் போட்டேன். அந்த ரெண்டு பவுன்காரருக்கும் போட்டேன்.

மறுநாள் தாரணி போன் பண்ணினா. நான் பிழை சொல்லத்தான் கூப்பிடுதான்னு நெனைச்சு, 'என்ன தாயி, எங்க ஒற்று விட்டேன்'னு கேட்டேன்.

'சித்தப்பா, அந்தத் தலைப்பை மாத்திருங்க'ன்னா.

'ஏன், நல்லாத்தானே இருக்கு'ன்னேன்.

'அத்தைக்கு அவங்க ஸ்கூல்ல இருந்து போன் மேல போன். உங்க மகன் பந்தியில இருந்து எந்திரிச்சுப் போனாராமேன்னு கேக்காங்க. என்ன குறை வச்சாங்கன்னு கேக்காங்க. தலைப்பை மட்டும் படம் பிடிச்சு அனுப்பிக்கிட்டு இருக்காங்க சித்தப்பா. உங்க வீட்டு ஆளே எழுதினதாமேன்னு அத்தை என்கிட்டக் கேட்டாங்க. அதுக்கப்புறம் பேசவே இல்ல.'

'நீ உள்ள படிச்சியா'ன்னேன்.

'படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. அம்மா அடுப்படியில நின்னதை எழுதினது ரொம்ப நல்லா இருக்கு. தலைப்பை மட்டும் மாத்துங்க.'

நான் அவளுக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னேன் சார். ஏறிக்கிட்டு இருக்கும்போது தலைப்புல கை வைக்கக்கூடாது, வச்சா அப்படியே விழுந்துரும், மேடம் சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் பொறு தாயி, அதுவா இறங்க ஆரம்பிச்சதும் மாத்திருதேன்னேன். 'சரி சித்தப்பா'ன்னு வச்சுட்டா.

சரின்னுதான் சொன்னா. கோவம் இருந்தா சொல்லியிருப்பாள்லா? சின்னப் பிள்ளையில இருந்து எதையும் மனசுல வச்சுக்கிட மாட்டா.

திங்கக்கிழமை காலையில அண்ணன் வந்தாரு. என் ரூமுக்கு அவரு வந்ததே கிடையாது. நாற்காலியில கெடந்த துணியை எடுத்துப் போட்டு, 'உக்காருங்கண்ணே, டீ வாங்கிட்டு வாரேன்'னேன். உக்காரலை. நிலைப்படியிலயே நின்னாரு.

'அதை எடுத்தியா'ன்னாரு.

'நீங்க படிச்சீங்களாண்ணே'ன்னு கேட்டேன்.

'படிக்கலை. படிக்கவும் மாட்டேன். என் மக அந்த வீட்டுல மூணு நாளாத் தனியா உக்காந்து சாப்பிடுதா. மாப்பிள்ளையே அவரு தாயாருகிட்ட சொல்லிப் பாத்துட்டாரு, மிளகாய்தாம்மான்னு. அந்த அம்மா கேக்கலை. ஊருக்கெல்லாம் நான் மிளகாய்க் கதை சொல்லிக்கிட்டு இருக்க முடியுமாங்காங்க.'

எனக்கு என்ன தோணிச்சுன்னா, அண்ணனுக்கு இந்த விஷயமே தெரியாது, தெரிஞ்சா சந்தோஷப்படுவாருன்னு. போனை எடுத்து அந்தக் கோட்டைக் காட்டினேன். 'பாருங்கண்ணே, எங்க இருந்து எங்க போயிருக்கு. நம்ம வீட்டுச் சொதியை இத்தனை பேரு பாத்திருக்காங்க'ன்னேன். வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பாத்தாரு.

அப்புறம் கேட்டாரு, 'இதுல என் மக எங்கடா இருக்கா?'

நான் சொன்னேன், 'இதுல தெரியாதுண்ணே. ஊர்வாரியா வேற பக்கத்துல காட்டும். தூத்துக்குடின்னு போட்டுப் பாக்கணும்.'

போனை என் கையில வச்சாரு. படி இறங்கிப் போயிட்டாரு. டீ வாங்கப் பாத்திரத்தை எடுத்து வச்சிருந்தேன், அது அப்படியே இருந்துச்சு.

சாயங்காலம் குடும்ப குரூப்பைத் திறந்தா, நீங்கள் நீக்கப்பட்டீர்கள்னு வருது. யாரு நீக்குனதுன்னும் போடுதான் அதுல. அண்ணன் இல்ல. தாரணி.

கை தவறிப் பட்டிருக்கும். இந்த போன்ல எல்லாம் அப்படித்தான், ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு ஆகும்.

ஆனா நான் அன்னைக்கே தலைப்பை மாத்திட்டேன் சார், அண்ணன் வந்துட்டுப் போனதுக்கு மரியாதை கொடுத்து. 'மறுவீட்டில் மாப்பிள்ளை பச்சை மிளகாயைக் கடித்தார்'னு வச்சேன். அதை மத்த ரெண்டு குரூப்லயும் மறுபடியும் போட்டேன். ஒரு ஆள் வரலை. ஒரு ஆள். உண்மையை அப்படியே தலைப்புல வச்சா யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்காங்க. அந்தப் பழைய தலைப்புதான் படமா இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அடுத்தவங்க போன்ல இருக்கிற படத்தை நான் எப்படி மாத்த முடியும்? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் ஆவணியில சித்தி மகன் வீட்டுல விசேஷம். பத்திரிகை வரலை. தபால்ல தவறியிருக்கும்னு நெனைச்சேன். தை மாசம் முழுக்க முகூர்த்தம், எங்க சொந்தத்துலயே ஏழெட்டுக் கல்யாணம். ஒண்ணு வரலை. மில்லுல கூட வேலை பாத்த வேலாயுதம் மகளுக்குக் கல்யாணம், ரோட்டுல பாத்து நானே கேட்டேன். 'சாப்பாடு சுமாராத்தான் இருக்கும் நாயகம், உமக்குப் பிடிக்காது'ன்னாரு. விளையாட்டாச் சொல்லுதாருன்னு நெனைச்சுப் போயிட்டேன். பந்தியில உக்காந்தேன். இந்தப் பக்கம் உக்காந்திருந்தவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு, அவரு பொண்டாட்டி காதுல என்னமோ சொன்னாங்க, ரெண்டு பேரும் எந்திரிச்சு எதிர் வரிசைக்குப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் யாரும் உக்காரவே இல்ல. பரிமாறுற பையன் ரெண்டு காலி இலையைத் தாண்டி வந்து எனக்குப் போட்டுட்டுப் போனான்.

பொறாமைதான் சார். வேற என்ன. பிரபலமாயிட்டா இதெல்லாம் இருக்கும்னு மேடமும் சொல்லியிருக்காங்க.

ஆனா வெள்ளிக்கிழமை வந்துருதே. ஒரு வாரம் போடலைன்னா வந்த ஆள் போயிரும். கல்யாணத்துக்குப் போகாம கல்யாணச் சாப்பாட்டைப் பத்தி எப்படி எழுத? அதனால நானே சமைக்க ஆரம்பிச்சேன். சொதி, அவியல், எல்லாம். ரூம்ல பாயை விரிச்சு இலை போட்டுப் படம் எடுத்தேன். ஒரு இலை படத்துல நல்லா இல்ல சார், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்துச்சு. மூணு இலையா வரிசையாப் போட்டுப் பரிமாறினேன். இப்பம் பந்தி மாதிரி வந்துட்டுது. நடு இலையில நான் உக்காந்துக்கிடுவேன். கை மட்டும் படத்துல தெரியும். 'யார் வீட்டு விசேஷம் சார்'னு கனடாவுல இருந்து ஒருத்தர் கேட்டாரு. 'நெருங்கின சொந்தம்'னு பதில் போட்டேன்.

மூணு இலைச் சாப்பாட்டையும் ஒரு ஆள் சாப்பிட முடியாதுதான். கீழ் வீட்டுக்குக் கொடுக்கலாம், என்ன விசேஷம்னு கேப்பாங்க. அதுக்கு வேற பதில் சொல்லணும். அதனால சாயங்காலம் வரைக்கும் உக்காந்து கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுதது. பந்தி மெதுவா நடக்குன்னு வச்சுக்கிடுங்களேன்.

கோடு நல்லாத்தான் இருக்கு. முன்ன மாதிரி தரையில இல்ல. பிழை சொல்லத்தான் ஆள் இல்ல. போன வாரம் வேணும்னே ரெண்டு இடத்துல ஒற்றை விட்டுப் பாத்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. படிக்கத்தான் செய்யுதாங்களா என்னன்னு தெரியலை.

இந்தப் பையா? கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். ராஜபாளையத்துலதான் வாங்கினேன். தாரணிக்கு இன்னைக்கு வளைகாப்பு சார், அண்ணன் வீட்டுல. நேத்து நல்லபெருமாளுக்குப் போன் பண்ணினேன், புளியோதரைக்கு அளவு கேக்கலாம்னு. 'என்ன அண்ணாச்சி, நாளைக்கு உங்க அண்ணன் வீட்டுலதானே எனக்கு வேலை, அங்க வச்சுச் சொல்லுதேனே'ன்னாரு. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? 'ஆமாமா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்'னு சொல்லிட்டேன். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாதான் முன்னால நின்னு எல்லாம் செய்யுதாங்களாம். தாரணியைக் கையில வச்சுத் தாங்குதாங்களாம். பாத்தீங்களா, எல்லாம் சரியாயிட்டுதுல்லா. நான் அன்னைக்கே சொன்னேன், ரெண்டு நாள் பொறுன்னு.

என்னென்ன சமையல்னு கேட்டேன். எல்லாம் சொன்னாரு. சொதி இல்ல. பொண்ணு சொதி வேண்டவே வேண்டாம்னு கண்டிசனாச் சொல்லிட்டுதுன்னாரு. இந்த மாதிரி நேரத்துல தேங்காய்ப்பால் ஒத்துக்கிடாது, வயித்தைப் புரட்டும். அதான்.

தகவல் வரலைதான். சித்தப்பாவுக்குத் தகவல் என்ன சார் தகவல். வீட்டு ஆளுக்கு யாராவது பத்திரிகை வைப்பாங்களா? போன் பண்ணிட்டுப் போறதா? பண்ணிப் பாத்தேன், காலையில. எடுக்கலை. கை நிறைய வளையல் போட்டுக்கிட்டு எப்படி எடுப்பா?

இல்ல இல்ல, எழுத மாட்டேன். போனை வெளியவே எடுக்க மாட்டேன். போவேன், வளையலைப் போடுவேன், நெத்தியில சந்தனம் வைப்பேன், கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துருவேன். தலைப்பு மட்டும் ஒண்ணு மனசுல ஓடுது. அது பாட்டுக்கு ஓடட்டும், நான் போட மாட்டேன்.

என்ன சார், வளையலைப் பாக்கீங்களா? அளவு சரியா இருக்கும். கடைக்காரப் பொண்ணு கையைக் காட்டச் சொல்லி ஒரு உத்தேசமா வாங்கியிருக்கேன். இப்பம் கை கொஞ்சம் பூசியிருக்கும், அதனால ஒரு சுத்து பெருசு.

சங்கரன்கோவில் வந்துட்டுது. அந்தா, கோபுரம். அண்ணன் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான், நடந்தா ரெண்டு தெரு.

இறங்குற கூட்டம் இறங்கட்டும். இடிச்சுக்கிட்டு இறங்குனா வளையல் ஒடையும்.

இந்நேரம் முதல் பந்தி உக்காந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாம் வரிசையா இருப்பாங்க. அந்த நேரம் பாத்து நான் போய் நின்னா அண்ணன் சாப்பிடுறவங்களைக் கவனிப்பாரா, என்னைக் கவனிப்பாரா? மதினி இலையை விட்டு எந்திரிச்சு வரணும். தாரணி மணையில உக்காந்திருப்பா, அவளால சட்டுன்னு எந்திரிக்க முடியாது. எல்லாருக்கும் சங்கடம். கொஞ்சம் கழிச்சுப் போறதுதான் மொறை.

கண்டக்டர், விசில் அடிச்சிருதீங்களா? சரி, அடிங்க. திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் கொடுங்க. ஆமா, சங்கரன்கோவிலுக்குத்தான் எடுத்தேன். இப்பம் திருநெல்வேலிக்குக் கொடுங்க.

இல்ல சார், வேலை ஒண்ணும் இல்ல அங்க. போயிட்டு அடுத்த பஸ்லயே திரும்பிருவேன். அதுக்குள்ள கூட்டம் கொறைஞ்சிரும். கடைசிப் பந்தி எப்படியும் சாயங்காலம் வரைக்கும் ஓடும், நல்லபெருமாள் எனக்கு எடுத்து வைக்காம இருக்க மாட்டாரு. வளையலுக்கு என்ன, எப்பப் போட்டா என்ன.

நீங்க கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க, வெயில் உங்க மேல விழுது. தூக்கம் வருதா? வந்தாச் சொல்லுங்க. இல்லையே? அப்பம் சரி. ஆள் வரவைக்கிறதுக்கு அந்த மேடம் சொன்ன வழியில இன்னும் மூணு நாலு இருக்கு, நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே. எங்க விட்டேன்?